கால் அங்குலக் குண்டு வந்த வழி

செஞ்சியில் நெல் மூட்டை ஏற்றிப் பழகிய ஒரு கேரியர் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவக் கோனை எடுத்துப் பாருங்கள். கறுத்துப்போன கிரீஸுக்குள் பக்கத்துக்கு ஒன்பது எஃகுக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் அங்குல விட்டம். விடிவதற்கு முன் சென்னையை விட்டுக் கிளம்பி, திண்டிவனத்தில் மேற்கே திரும்பி, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைக் கடந்து திருவண்ணாமலை நோக்கிப் போகும் சாலை பைக்கின் பின்சக்கரக் குடமான ஹப்பையும் திறந்து பாருங்கள். அது ரிம் பிரேக் வண்டிக்கான ஷிமானோவின் டியாக்ரா ரகமோ 105 ரகமோ என்றால், அங்கேயும் பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள்தான். அதே கால் அங்குலம். முன்சக்கரத்தில் இரண்டுக்குமே 3/16 அங்குலக் குண்டு. ஒரு வண்டி சில ஆயிரம் ரூபாய், மற்றது லட்சத்தைத் தொடும். சாலை பைக்குக்கு எந்த ஹப் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஒற்றுமையைத்தான்.

இரண்டு ஹப்புகளும் ஒரே பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள். பாட்டன் பிறந்த ஊர் பாரிஸ். 1869-ல் ஜூல் சூரிரே என்ற வினைஞர் மிதிவண்டி அச்சில் குண்டு பேரிங் பொருத்துவதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. அந்தக் குண்டுகள் வைத்த வண்டியில் ஏறிய ஜேம்ஸ் மூர் வென்றார். அதற்கு முன் அச்சு புஷ்ஷுக்குள் உரசித்தான் சுழன்றது. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடமும் அப்படித்தான்: மரக் குடத்துக்குள் இரும்பு அச்சு, இடையில் வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த வண்டி மை. உரசுகிற இடத்தில் உருள்கிற பொருளை வைத்தது பெரிய மாற்றம். ஆனால் குண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் அந்த மாற்றம் பலன் தரும். ஒன்று சற்றுப் பெரிதாக இருந்தாலும் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும், அது குண்டுகள் உருளும் கிண்ணத்தைக் குத்திக் குழியாக்கும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883-ல் குண்டுகளை ஒரே அளவாகத் தேய்க்கும் எந்திரம் செய்தார். நல்ல குண்டு மலிவாகக் கிடைப்பதற்கான கதவு அங்கே திறந்தது.

குண்டுக்கு வெளியே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் போக்ஸ் கம்பிகளை ஹப்பிலிருந்து நேராக நீட்டாமல், சாய்த்து ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி பின்னினார். மிதிக்கும் விசை ஹப்பை முறுக்கும்போது சாய்ந்த கம்பிதான் அந்த முறுக்கைத் தாங்கி ரிம்முக்குக் கடத்தும். இன்று செஞ்சியில் ஓடும் எந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தாலும் அந்தப் பின்னல்தான்.

இந்தியாவுக்கு ஹப் வந்தது ஆங்கிலேய உருவத்தில். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்பது அவர்கள் வழக்கம். பின்பக்கம் பாரம் கூடுதல் என்பதால் கம்பியும் கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போயின. லூதியானா உதிரிபாகங்களின் ஊராக வளர்ந்து, ஹப், கப், கோன், அச்சு எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக நாடெங்கும் அனுப்பியது. அளவு மட்டும் மாறவில்லை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதே கால் அங்குலம், அதே 3/16. பால்காரர் வண்டி, தபால்காரர் வண்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட வண்டி எல்லாம் ஒரே குண்டில் ஓடின. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று அரசு தொடங்கி, பிறகு மற்ற பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கும் விரித்த மிதிவண்டித் திட்டம், மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமம் வரைக்கும் இதே ஹப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால்தான் எந்தச் சிற்றூரிலும் சைக்கிள் கடையில் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் இந்த இரண்டு அளவுக் குண்டுகள் கட்டாயம் இருக்கின்றன.

இன்னொரு பேரப்பிள்ளை கீழ்த்திசைக்குப் போனான். ஜப்பானின் ஒசாகாவுக்குத் தெற்கே சாகாய் என்று ஒரு துறைமுக நகரம். கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர் ஊர். அங்கே ஷோசாபுரோ ஷிமானோ 1921-ல் ஒரு பட்டறை தொடங்கினார். முதல் சரக்கு ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோது கடகடவென்று சத்தமிட்டுக்கொண்டு சும்மா சுழலும் பின்பல்சக்கரம். அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கம்பெனி பின் ஹப்பின் ஒரு பழைய நோயைக் கையில் எடுத்தது.

அந்த நோய் இது. ஃப்ரீவீலை ஹப்பின் வலப்பக்கம் திருகி ஏற்றுவது பழைய முறை. ஒரே ஒரு பல்சக்கரம் இருந்தவரை தொல்லையில்லை. பந்தய வண்டிகளுக்கு ஐந்து, ஆறு, ஏழு பல்சக்கரங்கள் வந்தபோது அவை வலப்பக்கத்து இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டன. வலப்பக்கக் குண்டுகள் ஹப்பின் உள்ளே தங்கிவிட, அவற்றுக்கும் சட்டத்துக்கும் இடையில் அச்சு தாங்கலில்லாமல் நீண்டு நின்றது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அங்கேதான் அச்சு வளையும், ஒடியும். 1978-ல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தது. ஃப்ரீவீலின் எந்திரத்தை ஹப்போடு சேர்த்து, வலப்பக்கக் குண்டுகளைப் பல்சக்கரங்களுக்கு வெளியே, சட்டத்தின் ஓரத்துக்கே தள்ளி வைத்தார்கள். குண்டுகளுக்கு இடையிலான தூரம் கூடியது, அச்சு ஒடிவது அநேகமாக நின்றது. இன்று பெரும்பாலான சாலை பைக்குகளின் பின் ஹப் இந்த ஃப்ரீஹப் வழியைத்தான் பின்பற்றுகிறது. ஷிமானோ 1973-ல் சிங்கப்பூரிலும் பிறகு மலேசியாவிலும் ஆலை வைத்தது. ஜப்பானியக் கொல்லர் ஊரில் பிறந்த ஹப் அப்படித்தான் வங்காள விரிகுடாவுக்கு அருகில் வந்தது.

சென்னையிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 300. நெடுந்தூர மிதிவண்டிக்காரர்களின் பிரெவே முறையில் 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் தருவார்கள். 200-க்குப் பதின்மூன்றரை, 400-க்கு 27, 600-க்கு 40. இவற்றை முடித்தவர்கள்தான் பிரான்ஸில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகலாம். இந்த ஓட்டங்களின் விதியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: சொந்தக் கார் பின்னாலேயே உதவிக்கு வரக்கூடாது. ஆனால் வழியில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் கடையில் வண்டியைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அதாவது செஞ்சியின் சைக்கிள் கடை ஓட்டத்தின் விதிக்குள் அடங்கியது. அங்கே திறக்க முடிகிற ஹப், முடியாத ஹப் என்ற வேறுபாடு ஓட்டத்தை முடிப்பதா, பஸ் பிடிப்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

இந்தச் சாலை ஹப்பைச் சோதிக்கும் சாலை. அறுவடைக் காலத்தில் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் தாரின் மேலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். உளுந்துச் செடியைப் பரப்பி, வண்டிகள் மிதித்துப் பிரிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளி மல்லாட்டைக் கொடி. தூசும் சருகும் நாரும் சக்கரத்தில் ஏறி அச்சைச் சுற்றிக்கொள்ளும். கல் உடைக்கும் இடங்களைத் தாண்டும்போது மாவு போன்ற பாறைத் தூள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அந்தத் தூளைச் சேறாக்கி ஹப்பின் ரப்பர் விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தும். கிரீஸும் பாறைத் தூளும் கலந்தால் அது மெருகு போடும் பசைதான், கோனைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். செஞ்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கோட்டை. 1677-ல் சிவாஜியும், 1698-ல் முகலாயரும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்று பட்டியலிட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. பெருமைதான். ஆனால் மிதிக்கிறவனுக்கு இந்த ஊர் என்றால் வெயில், புழுதி, மழை, அதற்கு நடுவில் ஒரு கடை.

அந்தக் கடையில் குண்டு வைத்த ஹப்பை எப்படித் திறக்கிறார்கள் என்று பார்த்தால்தான் நீடித்த உழைப்பு என்பது புரியும். இடப்பக்கத்து லாக்நட்டையும் கோனையும் கழற்றினால் போதும், அச்சு வலப்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டியதேயில்லை. அதற்கான விசேஷச் சாவி செஞ்சியில் இருக்காது, தேவையும் படாது. பழைய குண்டுகளை ஒரு தட்டில் கொட்டி, கிண்ணத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கிண்ணம் கண்ணாடி போல மினுங்கினால் ஹப் நலம். கோனில் குழி விழுந்திருந்தால் கோன் மட்டும் போயிற்று. புதுக் கிரீஸில் ஒன்பது புதுக் குண்டுகளைப் பதித்து, மறுபக்கமும் ஒன்பது பதித்து, அச்சைச் செருகி, கோனை விரலால் திருகுவார்கள். அதன் பிறகு வருவது கைப்பழக்கம். கோனை இறுக்கினால் குண்டு நசுங்கும், தளர்த்தினால் சக்கரம் ஆடும். க்விக் ரிலீஸ் கம்பி வைத்த சாலை பைக்கில் இன்னொரு நுட்பம் உண்டு: அந்த நெம்பை மூடும்போது அச்சு மயிரிழை அளவு அமுங்கும், ஆகவே சக்கரம் கையில் இருக்கும்போது துளி ஆட்டம் விட்டுவைக்க வேண்டும். வண்டியில் மாட்டி நெம்பை மூடியதும் அந்த ஆட்டம் மறைந்துவிட்டால் வேலை சரி. கேரியர் சைக்கிளையே பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் இதை ஒரு முறை சொன்னால் போதும். மற்ற எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஷிமானோ ஃப்ரீஹப்பின் அமைப்பிலேயே ஒரு சிக்கனம் இருக்கிறது. வலப்பக்கக் கிண்ணம் ஃப்ரீஹப் உடலுக்குள் இருக்கிறது. 10 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் அந்த உடலைக் கழற்றிப் புதிது போட்டால் கிண்ணமும் புதிதாகிவிடும். கோன் மாற்றலாம், குண்டு மாற்றலாம், அச்சு மாற்றலாம். மாற்ற முடியாதது ஹப் கூட்டுக்குள் அழுத்தி வைத்திருக்கும் இடப்பக்கக் கிண்ணம் மட்டுமே. அது குழி விழுந்தால் ஹப்பே போயிற்று. ஆகவே இந்த வகை ஹப் வாங்குகிறவர் ஒரு கடமையையும் சேர்த்தே வாங்குகிறார்: மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஓவராயில் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவருக்கு இந்த ஹப் சரிப்படாது.

அப்படி ஓட்டுபவர்களுக்குத் தைவான் வழி இருக்கிறது. நோவாடெக், பிடெக்ஸ், ஃபார்முலா போன்ற கம்பெனிகளின் ஹப்புகள் பலவற்றில் தனிக் குண்டு கிடையாது. மூடி முத்திரையிட்ட பேரிங்கை அப்படியே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். கெட்டுப்போனால் பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான், ஹப் கூடு எளிதில் தேய்வதில்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்கும் முன் பேரிங்கின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 6000, 6001, 6200 என்ற எண்கள் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வரை புழங்குகிற சரக்கு. வீட்டு மின்விசிறிக்குள்ளேயே 6201, 6202 தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இலேசான சாலை ஹப்புகள் பலவற்றில் 6802, 6902 என்ற மெல்லிய பேரிங்குகள் இருக்கும். அவை விழுப்புரத்தில் கிடைப்பதே அரிது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அழுத்திப் பொருத்தவும் சரியான கருவி வேண்டும். சுத்தியலால் உள்வளையத்தைத் தட்டிப் பொருத்தினால் புதுப் பேரிங்கும் அன்றே பாழ். இந்த வகை ஹப் வைத்திருப்பவர்கள் ஒரு ஜோடி பேரிங்கை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்விட்சர்லாந்தின் டி.டி. ஸ்விஸ் 350 போன்ற ஹப் ஒரு ஜோடி இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதன் சிறப்பு பேரிங்கில் இல்லை, உள்ளே இருக்கும் ராட்செட்டில். எதிரெதிராகப் பல் வெட்டிய இரண்டு வளையங்கள் சேர்ந்து கவ்வும். மூடியைக் கையால் இழுத்தால் முழுவதும் திறந்துகொள்ளும், கருவியே வேண்டாம். துடைத்து, அதற்குரிய கிரீஸ் வைத்து மூடினால் பல்லாண்டு ஓடும். மிக நல்ல பொருள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் மிதிப்பவர் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தில் சில ஆயிரத்துக்கு ஷிமானோ ஹப்பும், நல்ல ரிம்மும், நல்ல கம்பியும் வாங்கி, தேர்ந்த கையால் பின்னச் சொன்னால் சக்கரம் முழுவதுமே மேம்படும்.

பலர் கவனிக்காமல் விடுவது துளை எண்ணிக்கை. கடையில் பளபளக்கும் சக்கரங்களில் 20, 24 கம்பிதான். இலேசாக இருக்கும், காற்றைக் கிழிக்கும். ஆனால் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் பல்சக்கரங்களுக்கு இடம்விட்டதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இடப்பக்கத்தைவிட அதிகம் முறுக்கேறியிருக்கும். ஒடிந்தால் ஹப் விளிம்பில் வளைகிற இடத்தில் ஒடியும். 20 கம்பியில் ஒன்று ஒடிந்தால் ரிம் கோணிப் பிரேக்கில் இடிக்கும், சக்கரம் சுற்றாது. 32 கம்பியில் ஒன்று ஒடிந்தால் பக்கத்துக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, இறுக்கி, பெண்டு எடுத்து வீடு சேரலாம். அத்துடன் 32 துளை ஹப்பில் சாதாரண வளைந்த தலைக் கம்பி போதும். நேர்தலைக் கம்பியும் அகலத் தட்டைக் கம்பியும் செஞ்சியில் யாரிடமும் இருக்காது. எழுபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவரும், பின்பையில் துணிமணி கட்டிப் போகிறவரும் பின்சக்கரத்துக்கு 36 துளை கேட்டு வாங்கினாலும் தவறில்லை. 75 கிலோ நெல் மூட்டையை 40 கம்பியில் சுமந்த ஊர் இது. கம்பிக் கணக்கை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஃப்ரீஹப் உடல் எஃகா, அலுமினியமா என்பதையும் கேளுங்கள். எடை குறைக்க அலுமினியத்தில் செய்திருந்தால், தனித்தனிப் பல்சக்கரங்கள் மிதிக்கும் விசையில் அதன் வரிப்பள்ளங்களைக் கடித்துப் பதிந்துவிடும். பிறகு கழற்றுவதே பெரும்பாடு. எஃகு சற்றுக் கனம், ஆனால் கடிபடாது. நம் சாலைக்கு எஃகே போதும்.

டிஸ்க் பிரேக் வந்த பிறகு பின் ஹப்பின் அகலம் 130-லிருந்து 142 மில்லிமீட்டராகிவிட்டது, மெல்லிய க்விக் ரிலீஸ் கம்பிக்குப் பதில் 12 மில்லிமீட்டர் தடிமனான அச்சு சட்டத்தையே ஊடுருவிப் போகிறது. புது வண்டி வாங்குகிறவர்களுக்கு இனி இதுதான். விலையுயர்ந்த ஷிமானோ ரகங்கள் சிலவற்றில் தடித்த அலுமினிய அச்சுக்கு இடம்விட்டு, பின்பக்கமும் சிறிய குண்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். குண்டு எந்த அளவு, கோன் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாலை பைக் ஹப்பைப் பெட்டியோடு விற்கிறீர்கள், ஆனால் அதற்கான கோன் கேட்டால் முழு ஹப்பையே மாற்றச் சொல்கிறீர்கள். குண்டு எந்த ஊரிலும் கிடைக்கிறது, கோன் கிடைப்பதில்லை. ஹப் தேயும்போது முதலில் போவது கோன்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் இடது, வலது கோன்களையும் ஃப்ரீஹப் உடலையும் தனிச் சரக்காக வரவழைத்து, விலை எழுதி, சென்னையில் மட்டுமல்லாமல் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைக் கடைகளுக்கும் அனுப்பி வையுங்கள். வாங்குகிறவர்கள் ஹப் வாங்கும் அன்றே ஒரு ஜோடி கோனையும் சேர்த்துக் கேளுங்கள். எல்லோரும் கேட்டால் வரும்.